சென்னையில் மாநாடா? முதலில் சில்லறை சேருங்கள்

ஜெர்மனியில் இருப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஃபிராங்க்ஃபர்ட்டில் எங்கள் தெருமுனை ரொட்டிக்கடையில் இன்றைக்கும் ரொக்கம்தான். கார்டை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஒரு சென்ட் பாக்கி என்றாலும் எண்ணி உள்ளங்கையில் வைப்பார்கள். அந்தப் பழக்கத்தில், பர்ஸ் நிறைய ஐந்நூறு ரூபாய்த் தாள்களோடு சென்னை மாநாட்டுக்கு வந்து இறங்கினேன். நான் பிறந்து வளர்ந்த ஊரில் என் பணத்தை வாங்க ஆளில்லை.

மாநாடு நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில். அரங்கு, அமர்வுகள், மதியச் சாப்பாடு எதிலும் குறையில்லை, அதனால் எழுதவும் ஒன்றுமில்லை. எழுத வேண்டியது வெளியே சாலையோரத்தில் குடித்த பதினைந்து ரூபாய் டீயைப் பற்றி.

இடைவேளையில் மெஷின் காபி பிடிக்காமல் வெளியே வந்தேன். பூந்தமல்லி சாலை முழுக்க மெட்ரோ இரண்டாம் கட்ட வேலை, தூசி. ஓரமாக ஒரு டீக்கடை. இஞ்சி தட்டிப் போட்ட டீ, கண்ணாடி கிளாஸில். முதல் வாய்க்கே அரங்கத்துக் குளிர் விட்டது. குடித்து முடித்து ஐந்நூறை நீட்டினேன்.

"சில்லறை இல்லக்கா. ஜிபே பண்ணிடுங்க."

"ஜிபே இல்லை தம்பி."

"போன்பே?"

"அதுவும் இல்லை."

மாஸ்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஊருக்குப் புதுசாக்கா?" என்றார். சைதாப்பேட்டையில் பிறந்தவளைப் பார்த்து! பதில் சொல்வதற்குள், பின்னால் கழுத்தில் பேட்ஜோடு நின்ற ஒரு கல்லூரிப் பையன் சட்டென்று போனை நீட்டி ஸ்கேன் செய்துவிட்டான். கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த பெட்டி "பதினைந்து ரூபாய் பெறப்பட்டது" என்று ஊருக்கே அறிவித்தது. "விடுங்க ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டுப் போனான். டீக்கடன் ஒரு பக்கம், ஆன்ட்டி ஒரு பக்கம்.

முன்பெல்லாம் சில்லறை இல்லையென்றால் அதற்கென்று ஒரு மரியாதை இருந்தது. கண்டக்டர் டிக்கெட்டின் பின்னால் பாக்கியை எழுதித் தருவார், இறங்கும்போது நாம் மறக்காமல் கேட்க வேண்டும். மளிகைக் கடையில் ஒரு ரூபாய்க்குப் பதில் மிட்டாய் வரும். எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனாலும் கணக்கு தீரும். இப்போது நோட்டைக் கண்டாலே, ஏதோ வில்லங்கம் கொண்டுவந்தவளைப் பார்ப்பது போலப் பார்க்கிறார்கள். ஏடிஎம் எனக்கு ஐந்நூறாகத்தான் தள்ளியது. அதை உடைக்கப் பாத்திரக்கடைக்கா போக முடியும்?

சரி, நாமும் யுபிஐ வைத்துக்கொள்ள வேண்டியதுதானே என்பீர்கள். வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கான என்ஆர்ஓ வங்கிக் கணக்கு இருக்கிறது. வெளிநாட்டுக் கைபேசி எண்ணை வைத்தே யுபிஐ போடலாம் என்று 2023-ல் அனுமதித்தபோது பத்து நாடுகளின் எண்களைச் சேர்த்தார்கள். சிங்கப்பூர், அமெரிக்கா, கனடா, பிரிட்டன், வளைகுடாவில் சில நாடுகள் எல்லாம் உண்டு. அந்தப் பட்டியலில் ஜெர்மனி இல்லை. உள்ளூர் சிம் வாங்கினால் மட்டும் போதாது, அந்த எண் வங்கிக் கணக்கில் ஏற வேண்டும். அதற்குக் கிளைக்குப் போனால் ஒரு படிவம், இரண்டு ஜெராக்ஸ், "மேடம் லஞ்ச் முடிஞ்சு வாங்க". நான் வாங்கிய டோக்கன் எண்ணைக் கூப்பிடுவதற்குள் மாநாடே முடிந்திருக்கும். எண் மாற்றும் வேலை இருந்தால் கிளம்புவதற்கு முன்பே, உங்கள் வங்கியிடம் மின்னஞ்சலில் கேட்டு முடித்துவிடுங்கள். முடியாவிட்டால் கவுன்டரில் பத்து ரூபாய்க் கட்டு ஒன்று கேளுங்கள். நூறு தாள், ஆயிரம் ரூபாய். அதுதான் மாநாட்டுப் பையில் முதலில் வைக்க வேண்டியது. பழைய பாஸ்போர்ட் உறையில் இரண்டாயிரம் ரூபாய்த் தாள் தங்கியிருந்தால் கடைகளில் நீட்டாதீர்கள். 2023 மே மாதம் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்துவிட்டார்கள். ராஜாஜி சாலையில் ரிசர்வ் வங்கியில் போய் விசாரியுங்கள்.

மறுநாள் டீ மாஸ்டரிடம் ஐந்நூறை முன்கூட்டியே கொடுத்து, "கழிச்சுக்கோங்க தம்பி" என்றேன். யோசித்தார். தினசரி காலண்டரில் முந்தின நாள் தாளைக் கிழித்து, பின்பக்கம் "ஜெர்மனி அக்கா 500" என்று எழுதி, துணிக் கிளிப்பில் மாட்டி ஆணியில் தொங்கவிட்டார். அதன் பிறகு ராஜ உபசாரம். என் கணக்கில் கூட வந்தவர்களும் குடித்தார்கள், வாழைக்காய் பஜ்ஜியும் ஏறியது. ஃபிராங்க்ஃபர்ட்டில் பல வருஷம் ரொட்டி வாங்கியும் இப்படி ஒரு கணக்கு எனக்கு யாரும் திறந்ததில்லை. கடைசி நாள் கூட்டிக் கழித்தபோது எனக்கு நூற்றுச்சொச்சம் பாக்கி வந்தது. மாஸ்டர் கல்லாவைத் துழாவிவிட்டு நிமிர்ந்தார்: "ஜிபே பண்ணட்டுமாக்கா?"

பணமே கேட்காத ஒரே இடம் பேருந்து. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம். பல வண்டிகளில் முன்பக்கம் இளஞ்சிவப்பு அடித்திருக்கும், தூரத்திலேயே தெரியும். கிண்டியிலிருந்து பூந்தமல்லி பக்கம் போகும் வண்டியில் ஏறிக் கூச்சத்தோடு பர்ஸைத் திறந்தேன். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, "உள்ள போம்மா" என்றார். 49 யூரோவில் தொடங்கி ஏறிக்கொண்டே போகும் டாய்ச்லாண்ட் டிக்கெட்டை, அதாவது ஜெர்மனியின் பேருந்து, ரயில் மாதப் பாஸை, மாதாமாதம் கட்டுகிறவளுக்கு இது கண்ணில் நீர் வரவைக்கும் விஷயம். ஆண்கள் விமான நிலையத்திலிருந்து மெட்ரோவில் ஆலந்தூர் வந்து, கத்திப்பாராவில் வண்டி பிடிக்கட்டும். மெட்ரோ கவுன்டரில் ரொக்கம் வாங்குகிறார்கள். செயலி வழியாக டாக்ஸி போடுகிறவர்கள் பெட்டிகளோடு பலமாடி வாகன நிறுத்தம் வரை நடக்கத் தயாராக இருங்கள். முனையத்து வாசலுக்கே வண்டி வரும் காலம் போய்விட்டது.

அப்புறம், நவம்பர், டிசம்பரில் மாநாடு வைத்தால் தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாகப் போடுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது ஓடுபாதையில் தண்ணீர் நின்று விமான நிலையத்தையே மூடினார்கள். வெளியே புழுக்கம், அரங்கத்துக்குள் ஏசி நடுக்கம். சால்வை ஒன்று அவசியம். மாலையில் பெசன்ட் நகர் கடற்கரைக்குக் கிளம்பினால், ஆட்டோவைக் கை காட்டும் முன் கழுத்திலிருக்கும் பேட்ஜைக் கழற்றிப் பைக்குள் போடுங்கள். அது தெரிந்தால் கேட்கிற ரேட்டே வேறு.