மட்டக்களப்பில் பிளாஷ் வாங்கப் போகிறவர்கள் கவனத்திற்கு: என் 46,500 ரூபாய் போன கதை

இன்று காலை, எனக்குக் கமராப் பிளாஷ் விற்ற கடைக்காரர் வட்ஸ்அப்பில் என்னைத் தடுத்துவிட்டார். கோபம் ஆறட்டும் என்று காத்திருந்தால் பாதி விஷயத்தை நாகரிகம் கருதி விழுங்கிவிடுவேன். அதனால் இப்போதே எழுதுகிறேன்.

கடையின் பெயரைப் போடப்போவதில்லை. நகருக்குள் கமராவும் அதன் உதிரிச் சாமான்களும் விற்கிற, புதிதாகப் பழகுகிறவர்களுக்கென்று முகநூலில் சலுகை விளம்பரம் போடுகிற வகைக் கடை.

நான் பாடசாலை ஆசிரியை. என்னிடம் இருப்பது கனன் 200டி மார்க் 2. பகல் வெளிச்சத்தில் எடுக்க ஓரளவு பழகிவிட்டேன். ஆனால் எங்கள் பக்கத்தில் எடுக்க ஆசைப்படுகிறவை எல்லாம் இருட்டிய பிறகுதானே நடக்கின்றன? கண்ணகி அம்மன் சடங்கும் இரவில், வடமோடிக் கூத்தும் இரவில். கமராவின் தலையில் எழும்பும் குட்டிப் பிளாஷைப் போட்டால் நெற்றி எண்ணெய் வழிந்தது போலப் பளபளக்கிறது, பின்சுவரில் கறுப்பு நிழல் ஒட்டிக்கொள்கிறது. அடுத்த படிக்குப் போக வேண்டும் என்று இருந்தபோதுதான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. வெளிச்சத்தின் அளவைக் கமராவே முடிவு செய்யும் டிடிஎல் பிளாஷ், அதைத் தள்ளி வைத்து எரியவைக்கும் டிரிகர், வெளிச்சத்தை மென்மையாக்கும் சொஃப்ட்பொக்ஸ், ஸ்டாண்ட், கூடவே ஞாயிற்றுக்கிழமை வகுப்புகள். எல்லாம் சேர்த்து 46,500 ரூபாய்.

அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். கடையில் இருந்தவர் வாய்நிறைய "டீச்சர், டீச்சர்" என்று அழைத்துக் கதிரை போட்டார். பிளாஷைத் தன்னுடைய கமராவில் பூட்டினார். அதன் தலையை மேலே கடையின் வெள்ளைச் சீலிங்கை நோக்கித் திருப்பி, அம்மாவைப் படம் எடுத்துத் திரையில் காட்டினார். உண்மையைச் சொல்ல வேண்டும், படம் அருமையாக இருந்தது. சேலைக் கரையின் சரிகை ஒவ்வொரு இழையாகத் தெரிந்தது, முகத்தில் ஒரு பளபளப்பு இல்லை. "இதைக் கழுவித் தரச் சொல்லு" என்றார் அம்மா. நான் பையைத் திறந்து என் கமராவை எடுக்கப் போனேன். "அது எதற்கு டீச்சர்? என்னுடையதும் கனன்தான், இரண்டும் ஒரே கம்பனி. உங்கள் பற்றரியை ஏன் வீணாக்குகிறீர்கள்?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நம்பித்தான் 46,500 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து என் கமராவில் பூட்டி ஷட்டரை அமுக்கினேன். 'டிக்' என்று சத்தம் மட்டும் வந்தது. பிளாஷ் எரியவில்லை. அதன் முதுகில் இருக்கும் சோதனைப் பொத்தானை அமுக்கினால் அறையே வெளுக்கிற மாதிரி மின்னுகிறது. கமராவின் சொல் மட்டும் அதன் காதில் ஏறவில்லை. டிரிகரைப் பூட்டிப் பார்த்தேன், அதே கதைதான்.

இனி அவர்கள் தந்த பதில்களைக் கேளுங்கள். முதலில் தொலைபேசியில், "பற்றரியைத் தலைகீழாகப் போட்டிருப்பீர்கள் டீச்சர்." பற்றரி தலைகீழாக இருந்தால் சோதனைப் பொத்தானுக்கு எப்படி மின்னும்? பிறகு, "புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இப்படித்தான் இருக்கும், பழகப் பழகச் சரியாகிவிடும்." நேரில் போனபோது என் கமராவை வாங்கி இரண்டு பக்கமும் புரட்டிவிட்டு, "பிழை உங்கள் கமராவில்தான். கொழும்புக்கு அனுப்பித் திருத்த வேண்டும், 8,000 ரூபாய் ஆகும்" என்றார். ஒரு பிழையும் இல்லாத கமராவைத் திருத்த என்னிடமே காசு! சரி, டிடிஎல் எங்கே என்று கேட்டால், "பழகுகிறவர்களுக்கு டிடிஎல் எதற்கு? மனுவலில் பழகினால்தான் கை படியும்" என்கிறார். மனுவலில், அதாவது வெளிச்சத்தின் அளவை நாமே வைத்து, பழகுவது நல்லதுதான், மறுக்கவில்லை. அப்படியென்றால் ஏன் டிடிஎல் என்று சொல்லி விற்றீர்கள்? கடைசியில் பற்றுச்சீட்டை நீட்டினேன். "விற்ற பொருள் மீளப் பெறப்படமாட்டாது" என்ற முத்திரையை விரலால் தட்டிக் காட்டினார். அந்தச் சீட்டில் எழுதியிருப்பது "பிளாஷ் செட் – 1" என்பது மட்டும்தான். மாதிரி இலக்கம் இல்லை, டிடிஎல் என்ற சொல்லும் இல்லை.

வகுப்பைப் பற்றி எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஒன்று நடந்தது. அதன்பிறகு மழை, வகுப்பு எடுக்கும் மாஸ்டருக்குக் கலியாண ஓட்டம், போயா விடுமுறை. இப்போது யாரோ எடுத்த ஹிந்தி வீடியோக்களின் இணைப்பை அனுப்பி, "இதுதான் மிச்ச வகுப்பு" என்கிறார்கள்.

உண்மைக் காரணத்தைச் சொன்னவர் ஆரையம்பதிப் பக்கம் பழைய ஸ்டூடியோ வைத்திருக்கும் ஓர் ஐயா. பிளாஷின் அடியைத் திருப்பிப் பெருவிரலால் தடவினார். நடுவில் ஒரே ஒரு பித்தளைப் புள்ளி. "கனனுக்கான டிடிஎல் பிளாஷ் என்றால் இந்த நடுப்புள்ளியோடு இன்னும் நான்கு சின்னப் புள்ளிகள் இருக்க வேண்டும் பிள்ளை. இது வெறும் மனுவல்" என்றார். பிறகு என் கமராவின் மேலே பிளாஷ் பூட்டும் சட்டத்தைக் காட்டினார். அங்கே நடுப்புள்ளியே இல்லை! 2019இல் வந்த இந்த மாடலில் அந்தத் தொடுபுள்ளி வைக்கப்படவில்லை, ஒற்றைப் புள்ளிப் பிளாஷ் எதுவும் இதன் மேல் எரியாது என்றார். தன்னுடைய பழைய கமராவில் பூட்டினார், உடனே மின்னியது. கடைக்காரர் ஏன் என் பையைத் திறக்கவிடவில்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

46,500 ரூபாய் வாங்கியவர்கள் சொல்லித்தராததை ஐயா ஒரு தேநீர் குடித்து முடிப்பதற்குள் சொல்லித்தந்தார். டிடிஎல் என்றால் படம் எடுக்கும் முன் பிளாஷ் ஒருமுறை மெல்ல மின்னும், திரும்பி வரும் ஒளியைக் கமரா லென்ஸ் வழியாக அளந்து எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்று தானே முடிவு செய்யும். மனுவலில் அந்த முடிவு நம்முடையது: முழு வலு, பாதி, கால் என்று குறைத்துக்கொண்டு போகலாம். பிளாஷை இரண்டு மடங்கு தூரத்தில் வைத்தால் வெளிச்சம் கால்வாசியாகிவிடும். என் கமராவில் ஷட்டர் வேகம் 1/200 செக்கனுக்கு மேல் போனால் படத்தில் கறுப்புப் பட்டை விழும். சீலிங்கில் அடித்துத் திருப்பும் வித்தையும் எங்கள் ஓட்டு வீடுகளில் பலிக்காது, வெளிச்சம் ஓட்டுக்கும் வளைக்கும் இடையில் போய்த் தொலைந்துவிடும். பக்கச் சுவரில் அடிக்க வேண்டும், அதுவும் வெள்ளைச் சுவராகப் பார்த்து. பச்சைச் சுவரில் அடித்தால் மணப்பெண்ணும் பச்சையாகத்தான் வருவாள்.

இந்தப் பிளாஷுக்கும் ஒரு வழி சொன்னார். அதன் பொத்தான்களில் எஸ்1, எஸ்2 என்று இருக்கிறது. அவற்றில் ஒன்றில் வைத்தால், வேறொரு பிளாஷ் மின்னுவதைக் கண்டு இதுவும் கூடவே மின்னும். என் கமராவின் குட்டிப் பிளாஷ் முதலில் ஒரு சோதனை மின்னலை விடுவதால் எஸ்2இல் வைக்க வேண்டும், அது முதல் மின்னலைக் கணக்கில் எடுக்காது. குட்டிப் பிளாஷின் மின்னல் இதன் மேல் படுகிற இடத்தில் இதை மேசையில் வைத்துவிட்டு எடுத்தேன், எரிந்தது. கல்லடிக் கடற்கரையின் பட்டப்பகல் வெயிலில் மட்டும் மின்னலைக் கண்டுகொள்ளாமல் அடம்பிடிக்கிறது. ஆக, பழகுவதை நான் நிறுத்தவில்லை. ஆனால் டிடிஎல் என்று சொல்லி வாங்கிய 46,500 ரூபாய் 46,500 ரூபாய்தான். கமராவின் மேலே பூட்டிக்கொண்டு கூத்துக் களரியைச் சுற்றி ஓடி எடுக்க இது உதவாது.

1977க்கு அழைத்து நுகர்வோர் விவகார அதிகாரசபையில் முறைப்பாடு பதிந்துவிட்டேன்.

வாங்கப் போகிறவர்களுக்கு விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. உங்கள் கமராவில் பூட்டி, உங்கள் விரலால் ஷட்டரை அமுக்கிப் பாருங்கள். சோதனைப் பொத்தானை நம்பாதீர்கள். பிளாஷின் அடியைத் திருப்பிப் புள்ளிகளை எண்ணுங்கள். பற்றுச்சீட்டில் மாதிரி இலக்கம் எழுதாமல் காசைக் கையைவிட்டுக் கொடுக்காதீர்கள். வகுப்புக்கான காசைச் சாமானோடு சேர்த்துக் கட்டவே கட்டாதீர்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கல்முனையிலிருந்து ஒரு தங்கை அதே விளம்பரத்தை எனக்கு அனுப்பி, நல்லதா அக்கா என்று கேட்டிருக்கிறாள். அவளிடம் இருப்பதும் 200டி மார்க் 2. முற்பணம் இன்னும் கட்டவில்லையாம். கட்டாதே என்று சொல்லிவிட்டேன்.