ஆண்களின் எலும்புத் தேய்வு: ஹார்மோனா, மாத்திரையா?

ஐம்பதைத் தாண்டிய ஆண். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டெரோன் குறைவு, எலும்பும் மெலிந்துவிட்டது. ஹட்டன் பக்கத்துத் தேயிலைச் சரிவில் கவ்வாத்துக் கத்தியோடு நிற்பவர் என்றால் ஒரு சறுக்கலே போதும், இடுப்பெலும்பு முறிந்துவிடலாம். அந்த ஹார்மோனை மருந்தாக எடுப்பதா, எலும்பு கரைவதைத் தடுக்கும் அலென்ட்ரோனேட் மாத்திரையா?

குறைந்ததை நிரப்புவதுதானே நியாயம் என்று தோன்றும். ஹார்மோனால் எலும்பின் அடர்த்தி கூடுவதும் உண்மைதான். ஆனால் 5,000க்கு மேற்பட்ட ஆண்களிடம் நடந்து 2024இல் வெளியான ஆய்வில், டெஸ்டோஸ்டெரோன் ஜெல் பூசியவர்களில் 3.5% பேருக்கு எலும்பு முறிந்தது. வெற்று ஜெல் பூசியவர்களில் 2.5% பேருக்குத்தான். அடர்த்தியை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது போல. இன்னொரு விசித்திரம்: ஆணின் எலும்பு கரையாமல் காப்பதில் பெரும்பங்கு, டெஸ்டோஸ்டெரோனிலிருந்து அவர் உடலே உண்டாக்கும் ஈஸ்ட்ரஜனுக்கு. ஆம், 'பெண் ஹார்மோன்' என்கிறோமே, அதேதான்.

அலென்ட்ரோனேட் ஆண்களின் முதுகெலும்பு முறிவைக் குறைக்கும். வாரம் ஒரு 70 மில்லிகிராம் மாத்திரை. தொல்லை என்னவென்றால், வெறும் வயிற்றில், ஒரு குவளை பச்சைத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். அதுவரை பிளேன்டீயும் கூடாது! தோட்டத்து லய வீடுகளில் விடிகாலைத் தேநீரைத் தள்ளிப்போடச் சொல்வது லேசில்லை. உணவுக்குழாய்க் கோளாறோ கடுமையான சிறுநீரகப் பாதிப்போ இருந்தால் இது சரிவராது.

எலும்புக்காக மட்டும் என்றால் என் ஓட்டு மாத்திரைக்கே. பாலுறவு ஆசைக் குறைவு, சோர்வு போன்ற அறிகுறிகளும் இருந்து, இரத்தப் பரிசோதனையிலும் குறைபாடு உறுதியானால் ஹார்மோன் எடுக்கலாம். முறிவு அபாயம் அதிகமுள்ளவருக்கு அப்போதும் மாத்திரை தேவைப்படும். புரொஸ்டேட் புற்றுநோய்க்காக ஹார்மோனை அடக்கும் ஊசி போடுபவருக்கோ டெஸ்டோஸ்டெரோன் எடுக்கும் வழியே கிடையாது.