வண்ணாரப்பேட்டை சேகரிப்பு மையத்தில் அமினோ அமிலப் பரிசோதனை: ஒரு தந்தையின் மதிப்பீடு

எங்கள் மூன்று வயது மகன் பாளையங்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையின் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் பதினேழு நாள் இருந்தான். நுரையீரல் தொற்றோடு சேர்ந்த பிள்ளைக்குத் தொற்றால் மட்டும் விளக்க முடியாத மயக்கமும் அமோனியா உயர்வும் இருந்ததால், பிறவி நொதிக் குறை ஏதேனும் உண்டா என்று அறிய, இரத்தத்தில் அமினோ அமிலங்களின் அளவைப் பார்க்கும்படி மருத்துவர் எழுதினார். அம்பாசமுத்திரத்தில் வேதியியல் ஆசிரியராக இருக்கும் நான் கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதிய பெயர்கள், மகனின் பெயர் அச்சிட்ட தாளில் எண்களோடு வந்து நின்றன. இப்பரிசோதனைக்கு மாதிரி பெற்று அனுப்பும் திருநெல்வேலி வண்ணாரப்பேட்டை மையத்தின் சேவையைப் பற்றி, இதே நிலையில் உள்ள பெற்றோருக்காக எழுதுகிறேன்.

முதல் மாதிரி வீணாயிற்று. இரத்தம் உறையாமல் காக்கும் ஹெப்பாரின் இட்ட குழாயில் எடுத்த இரத்தத்தைத் தாமதமின்றிச் சுழற்றி, அணுக்கள் நீங்கிய நீர்ப்பகுதியான பிளாஸ்மாவைப் பிரித்து, உறைய வைத்துத்தான் 600 கிலோமீட்டருக்கு அப்பால் சென்னைக்கு அனுப்ப வேண்டும். சனிக்கிழமை மாலை எடுத்த இரத்தம் மையத்தில் பிரிக்கப்படாமலே மணிக்கணக்கில் கிடந்தது. இதைச் சிறு கவனக்குறைவு என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. சிவப்பணுக்களில் உள்ள ஆர்ஜினேஸ் என்னும் நொதி, காத்திருக்கும் குழாயிலேயே ஆர்ஜினினை ஆர்னிதினாக மாற்றிவிடும். குளூட்டமினும் மெல்ல மெல்லக் குளூட்டமேட்டாகச் சிதையும். தீவிர நோயுற்ற குழந்தைகளின் உடலில் குறைவதாக ஆய்வுகள் காட்டும் அமிலங்களும் இவையே. அப்படியானால், தாமதமான குழாய் தருகிற எண், பிள்ளை உண்மையில் இருப்பதைவிட மோசமாக இருப்பதுபோல் காட்டும். நல்ல வேளையாக, சிவப்பணுக்கள் உடைந்திருப்பதைக் கண்ட சென்னை ஆய்வகம் மாதிரியை ஏற்கவில்லை. அந்த நேர்மையை மனமாரப் பாராட்டுகிறேன்.

இரண்டாவது முறை மையத்தின் இளைஞர் ஐஸ் பெட்டியோடு தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலுக்கே வந்துவிட்டார். "அண்ணாச்சி, இன்னைக்கு நானே கையில வாங்கிட்டுப் போயி பிரிச்சிருதேன்" என்றவர் சொன்னபடியே செய்தார். கட்டணம் 5,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. மறு மாதிரிக்குப் பணம் கேட்கவில்லை.

அறிக்கை ஐந்தாம் நாள் இரவு பதினொரு மணிக்கு, ஒரு விளக்கமும் இன்றி, என் வாட்ஸ்அப்பில் வந்து விழுந்தது. குளூட்டமின், சிட்ருலின், ஆர்ஜினின் மூன்றும் குறைவு, பினைல்அலனின் உயர்வு. ஒவ்வொன்றுக்கும் எதிரே சிவப்புக் குறி. குளூட்டமின் குறைந்த நோயாளிகளில் இறப்பு அதிகம் என்று பெரியவர்களிடம் நடந்த ஆய்வுகளைப் பற்றி முன்னரே படித்திருந்த எனக்கு, அந்த இரவு விடிய வெகுநேரம் ஆயிற்று.

காலையில் மருத்துவர் பொறுமையாக விளக்கினார். அமோனியாவை உயர்த்தும் பிறவிக் குறையானால் குளூட்டமின் பெரும்பாலும் கூடியிருக்கும், இங்கே குறைந்திருக்கிறது. ஆகவே அந்த அச்சம் பெரிதும் நீங்கியது. சிட்ருலினைப் பெரும்பாலும் சிறுகுடலின் உட்சுவரே ஆக்குவதால், அது குறைந்தால் குடல் வாடியிருக்கிறது என்று கொள்ளலாம். தொற்றின் வேகத்தில் தசை கரைவதாலும் கல்லீரல் திணறுவதாலும் பினைல்அலனின் ஏறுகிறது. இவை உடல் படும் பாட்டின் அடையாளங்களே தவிர, தனி ஒரு பிள்ளை பிழைக்குமா என்பதற்கான தீர்ப்பு அல்ல என்று அவர் திட்டமாகச் சொன்னார். அன்றைய முடிவுகளுக்கு அவர் நம்பியது, திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாதபோது இரத்தத்தில் கூடுகிற, படுக்கையருகே சில நிமிடங்களில் கிடைக்கும் லாக்டேட் அளவையும், மூச்சையும், சிறுநீரின் அளவையும்தான்.

குறைந்த அமிலத்தை ஊசி வழியே ஏற்றிவிடலாமே என்று கேட்டேன். பெற்றவன் கேட்காமல் இருக்க முடியாத கேள்வி அது. 2013-இல் வெளிவந்த ரெடாக்ஸ் ஆய்வில், உறுப்புகள் செயலிழந்த 1,223 பெரியவர்களில் குளூட்டமின் பெற்றவர்களிடையே இறப்பு கூடியதாக அவர் சொன்னார். லூவன், ராட்டர்டாம், எட்மண்டன் நகரங்களில் 1,440 குழந்தைகளிடம் நடந்து 2016-இல் வெளியான பெபானிக் ஆய்வில், அமினோ அமிலங்களும் கலந்த இரத்தக்குழாய் வழி ஊட்டத்தை ஒரு வாரம் தள்ளிவைத்த குழந்தைகளுக்கே புதிய தொற்றுகள் குறைவாக வந்தன. எனவே மூக்குக் குழாய் வழியே பால் கொடுத்துக் குடலை மெல்லப் பழக்கும் வழியே எங்கள் மகனுக்குத் தொடர்ந்தது. பதினெட்டாம் நாள் அவன் வீட்டில் ஆச்சியின் மடியில் இருந்தான்.

சென்னை ஆய்வகத்தின் துல்லியத்தில் எனக்குக் குறை இல்லை. வண்ணாரப்பேட்டை மையம் மட்டும் சனிக்கிழமை மாலையில் இந்த மாதிரியை வாங்காமல் இருக்கலாம், அல்லது வாங்கினால் அங்கேயே பிரித்து உறைய வைக்க ஒருவரை வைக்கலாம். அறிக்கையும் முதலில் மருத்துவரின் கைக்குப் போகட்டும். பரிசோதனை எழுதப்பட்டால், எடுத்த இரத்தம் எத்தனை மணிக்குப் பிரிக்கப்பட்டது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் இரண்டாவது ரசீதில் அந்த நேரத்தை இளைஞர் தாமாகவே எழுதித் தந்திருந்தார்.