குழந்தைகளுக்கான தெரபிக்கு மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கேட்கும் மையங்கள்: பெங்களூருத் தமிழ்ப் பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை

ஆட்டிசம் அல்லது பேச்சுத் தாமதம் உள்ள குழந்தைக்குப் பெங்களூருவில் தெரபி மையம் தேடிக்கொண்டிருக்கும் பெற்றோர், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். பேச்சுப் பயிற்சி, ஆக்குபேஷனல் தெரபி (அன்றாடச் செயல்களைத் தானே செய்யப் பழக்கும் பயிற்சி), சிறப்புக் கல்வி அனைத்தையும் ஒரே இடத்தில் தருவதாக விளம்பரம் செய்யும், பல நகரங்களில் கிளைகள் உள்ள ஒரு தனியார் மையத்தில் நாங்கள் 1,44,000 ரூபாயை இழந்திருக்கிறோம். பெயரை வெளியிட்டால் வக்கீல் நோட்டீஸ் அனுப்புவோம் என்று ஏற்கெனவே மிரட்டிவிட்டார்கள் என்பதால் பெயரை எழுதவில்லை.

எங்கள் மகனுக்கு மூன்றரை வயது. ஆட்டிசம் என்பதை பெங்களூருவின் நிமான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனையின் மருத்துவர்கள் உறுதி செய்து, வீட்டுக்கு அருகிலேயே பேச்சுப் பயிற்சியையும் ஆக்குபேஷனல் தெரபியையும் இடைவிடாமல் தொடரச் சொன்னார்கள். வீட்டில் நாங்கள் தமிழ்தான் பேசுகிறோம். அவனை நாள் முழுவதும் பார்த்துக்கொள்ளும் என் மாமியாருக்கு வேறு மொழி தெரியாது. ஆகவே எந்த மையத்துக்குப் போனாலும் தமிழ் பேசும் தெரபிஸ்ட் இருக்கிறாரா என்பதுதான் என் முதல் கேள்வியாக இருந்தது. பெரும்பாலான இடங்களில் இல்லை என்று நேராகச் சொன்னார்கள். அந்த நேர்மையின் அருமை இப்போதுதான் தெரிகிறது.

இந்த மையத்தின் பொறுப்பாளர் மட்டும் என் பேச்சைக் கேட்டவுடனே தமிழுக்கு மாறினார். "அக்கா, நான் வேலூர் பக்கம்தான். நம்ம புள்ளைய நாம பாத்துக்க மாட்டோமா?" என்றார். மேசையைச் சுற்றி வந்து தரையில் உட்கார்ந்து, "கண்ணு, இங்க பாரு" என்று மகனிடம் ஒரு பந்தை உருட்டினார். யாரையும் எளிதில் நிமிர்ந்து பார்க்காதவன் அவரைப் பார்த்தான். என் கணவரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அந்த நொடியில் அவர் எந்தத் தாளை நீட்டியிருந்தாலும் கையெழுத்திட்டிருப்போம். அது அவருக்கும் தெரிந்திருந்தது.

ஆறு மாதம், 144 அமர்வுகள், அமர்வுக்கு ஆயிரம் ரூபாய் என்று கணக்குச் சொன்னார். மாதாமாதம் கட்டுகிறோம் என்றபோது, தமிழ் தெரபிஸ்டின் நேரத்தை ஒதுக்கி வைக்க வேண்டுமானால் மொத்தத் திட்டத்தில் சேர்ந்தால்தான் முடியும் என்றும், கையில் பணம் இல்லாவிட்டால் வட்டியில்லாத் தவணை வசதி இருக்கிறது என்றும் கூறினார். "ஓடிபி வரும், அத மட்டும் சொல்லுங்க அக்கா" என்றார். கடன் நிறுவனம் 1,44,000 ரூபாயையும் மொத்தமாக மையத்துக்கு அனுப்பிவிட்டது. அந்தக் கடன் எங்கள் பெயரில் இருக்கிறது. மாதம் 12,000 ரூபாய் எங்கள் கணக்கிலிருந்து போகிறது.

பணம் போய்ச் சேர்ந்த பிறகு நான் அக்கா இல்லை, மேடம் ஆனேன். தமிழ் தெரபிஸ்ட் "அடுத்த வாரம் சேருவார்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அவர் வரவே இல்லை. ஆங்கிலமும் இந்தியும் மட்டும் தெரிந்த இளம்பெண்கள் மாறி மாறி வந்தார்கள். பெற்றோருக்கு உள்ளே அனுமதி கிடையாது. ஒருமுறை கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்தபோது மகன் டேப்லெட்டில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தான்; தெரபிஸ்ட் தன் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டதற்கு அது "ரிவார்ட் டைம்" என்றார்கள். முன்னேற்ற அறிக்கை என்று தந்த தாளில் எங்கள் மகன் இரண்டு இடங்களில் பெண் குழந்தையாகியிருந்தான். வேறொரு குழந்தையின் அறிக்கையில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

இவை எல்லாவற்றையும்விட என்னால் மன்னிக்க முடியாதது வேறு. தங்களிடம் தமிழ் தெரிந்த ஆள் இல்லை என்பதை மறைக்க, குழந்தை குழம்புகிறான், வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலத்தில் மட்டும் பேசுங்கள் என்று அறிவுரை சொன்னார்கள். அதை நம்பி என் மாமியார் பேரனிடம் பேசுவதையே விட்டுவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்து சோறு ஊட்டுவார், வாயைத் திறக்க மாட்டார். அவன் சொல்லிக்கொண்டிருந்த "தண்ணி", "வா" என்ற சொற்களும் குறைந்தன. பிறகு அரசு மருத்துவமனையின் பேச்சுப் பயிற்சியாளர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் கோபப்பட்டார். ஆட்டிசம் உள்ள குழந்தைகளும் இரு மொழிகள் கற்கிறார்கள், இரு மொழிச் சூழல் பேச்சைத் தாமதப்படுத்துகிறது என்று ஆய்வுகள் காட்டவில்லை, வீட்டு மொழியை நிறுத்தச் சொல்வது குழந்தையோடு பேசும் ஆட்களைக் குறைப்பதுதான் என்று விளக்கினார். அவர்தான் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண்ணைக் கேட்டீர்களா என்றும் விசாரித்தார்.

1992ஆம் ஆண்டின் சட்டப்படி பேச்சுப் பயிற்சியாளரும் சிறப்புக் கல்வி ஆசிரியரும் அந்தக் கவுன்சிலின் மத்தியப் பதிவேட்டில் இருக்க வேண்டும். மையத்தில் எண்ணைக் கேட்டேன். "எல்லாரும் டிரெயின்டு ஸ்டாஃப்தான் மேடம்" என்பதே பதில். விடாமல் கேட்டதில், மகனுக்குப் பேச்சுப் பயிற்சி தந்தவர் உளவியலில் இளங்கலை முடித்து ஏதோ இணையச் சான்றிதழ் வைத்திருப்பவர் என்று தெரிந்தது.

பணத்தைத் திருப்பிக் கேட்டது முதல் நடந்ததெல்லாம் அலைக்கழிப்புதான். பொறுப்பாளர் கணக்குப் பிரிவைக் கை காட்டினார். கணக்குப் பிரிவு வேறு நகரத்திலுள்ள தலைமையகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பச் சொன்னது. தலைமையகம் கிளையிடமே பேசச் சொன்னது. வாட்ஸ்அப்பில் நீல டிக் விழும், பதில் வராது. மீதமுள்ள அமர்வுகளை ஆன்லைனில் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு சலுகை வந்தது. மூன்றரை வயதுக் குழந்தையைத் திரைக்கு முன் உட்கார வைத்துப் பேச்சுப் பயிற்சியாம். பிறகு குழந்தையை ஒழுங்காக அழைத்து வரவில்லை என்று எங்கள் மேலேயே பழியைப் போட்டார்கள். கடைசியில் பெற்றோர் குழுவிலிருந்து என்னை நீக்கினார்கள். ஆட்டிசம் போன்ற குறைபாடு உள்ளவர்களுக்கான அரசின் நிராமயா மருத்துவக் காப்பீட்டுக்காகக் கேட்ட விவரமான ரசீதைக்கூடத் தரவில்லை. 1,44,000 ரூபாயில் ஒரு பைசா திரும்பவில்லை. நேற்றும் தவணை பிடித்தார்கள்.

எங்கள் படிவத்தில் பணம் திருப்பித் தரப்படாது என்றும், வழக்கு என்றால் தலைமையகம் உள்ள நகரத்தில்தான் என்றும் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். இதைக் காட்டிப் பயமுறுத்தினால் பயப்படாதீர்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். நாம் கட்டிய தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணமும் இல்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் நான் பதிவு செய்துவிட்டேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம்.

விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். மொத்தத் தொகையைக் கட்டாதீர்கள். அதிகபட்சம் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள். தெரபிக்காகக் கடன் வேண்டவே வேண்டாம். பதிவு எண்ணைக் கேட்டு, கவுன்சிலின் இணையதளத்தில் நீங்களே சரிபாருங்கள். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் அந்தப் பதிவேட்டில் வரமாட்டார், அவரிடம் பட்டச் சான்றிதழைக் கேளுங்கள். தமிழ் தெரபிஸ்ட் உண்டு என்றால் அவரை நேரில் பார்க்காமல் கையெழுத்திடாதீர்கள். வீட்டில் தமிழை நிறுத்தச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். இதே போன்ற மையத்தில் பணம் கட்டி ஏமாந்தவர்கள் இருந்தால் ரசீதுகளை எடுத்து வையுங்கள். சேர்ந்து புகார் கொடுக்கலாம்.