தாம்பரம் லோக்கலுக்கு எந்த இயர்போன்? சில வருடம் கேட்டுப் பார்த்ததில்

இயர்போன் வாங்குவதற்கு முன்னால் எல்லோரையும் போல நானும் யூடியூபில் விமர்சனம் பார்ப்பவன்தான். அத்தனையும் கதவைச் சாத்திய ஏசி அறையில் உட்கார்ந்து பேசுவது. பேஸ் எப்படி, ட்ரெபிள் எப்படி, டப்பாவுக்குள் என்னென்ன கொடுத்திருக்கிறார்கள். குரோம்பேட்டையில் ஏறி எழும்பூரில் இறங்குகிறவனுக்கு இதனால் காலணா பிரயோஜனம் கிடையாது. காலை எட்டரை மணி வண்டியில் ஒரு கை மேலே கைப்பிடியில், இன்னொரு கை முன்பக்கம் திருப்பி மாட்டிய பையில் இருக்கும்போது காதில் இருக்கிற சாமான் எப்படி நடந்துகொள்ளும்? எனக்குத் தெரிய வேண்டியது அதுதான்.

என்னிடம் இரண்டு இருக்கின்றன. வெளி இரைச்சலை அடக்குகிற நாய்ஸ் கேன்சலிங் வசதியோடு வந்த வயர்லெஸ் ஒன்று, நடைபாதைக் கடையில் தொங்குகிற ரகத்தில் ஒயர் வைத்தது ஒன்று. சில வருடமாக மாற்றி மாற்றிப் போட்டு வருகிறேன். கம்பெனிப் பெயர் சொல்லப் போவதில்லை. சொல்லப் போகிற விஷயம் எந்தக் கம்பெனிக்கும் பொருந்தும். முழுசாகப் படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்: ஒயர் வாங்குங்கள்.

நாய்ஸ் கேன்சலிங் மோசமான சரக்கு என்று நான் சொல்லவில்லை. வெளியில் இருக்கிற குட்டி மைக் சுற்றுப்புற இரைச்சலைக் கேட்டு, அதற்கு நேர் எதிரான அலையை உள்ளே அனுப்புகிறது. இரண்டும் மோதி அடங்கிவிடும். விமானத்தின் உறுமல், ஏசியின் இரைச்சல் மாதிரி ஒரே சுருதியில் இழுக்கிற தாழ்ந்த சத்தத்துக்கு இது அபாரம். நம்ம எலக்ட்ரிக் ட்ரெயினில் அப்படிப்பட்ட சத்தம் என்றால் மோட்டார் ஒன்றுதான். அதுவும் எல்லாப் பெட்டிக்கும் அடியில் இருக்காது; மோட்டார் பெட்டியை விட்டுத் தள்ளி ஏறினாலே பாதி நிம்மதி, அதற்குக் காசு செலவில்லை. மற்றபடி கதவு திறந்தே கிடக்கும். காற்று நேராக மைக்கில் அடித்தால் காதுக்குள்ளேயே புயல் வீசும். பக்கத்துத் தண்டவாளத்தில் எக்ஸ்பிரஸ் கடந்தால் அந்த அதிர்ச்சியைப் பிடிப்பதற்குள் வண்டியே போய்விடும். மனுஷக் குரலிடம் இந்த வித்தை அதிகம் பலிப்பதில்லை. ஆக மொத்தம் மோட்டார் சத்தம் மறைந்து, எதிர் சீட்டில் மச்சினனோடு போனில் நடக்கிற பாகப்பிரிவினைச் சண்டை முன்பைவிடத் தெளிவாகக் கேட்கும்.

இன்னொரு சிக்கல், நாம் கேட்டே ஆக வேண்டிய சத்தங்கள். சாயங்காலம் எழும்பூரில் நிற்கிறோம். ‘நடைமேடை மாற்றப்பட்டுள்ளது’ என்று அறிவிப்பு வருகிறது. கூட்டம் மொத்தமும் படியை நோக்கி ஓடுகிறது. காதை அடைத்துக்கொண்டவனுக்கு விஷயம் புரியும்போது வண்டி அந்தப் பக்கம் கிளம்பிக்கொண்டிருக்கும். வண்டிக்குள்ளே ‘இறங்குறீங்களா?’ என்று ஒரு கேள்வி உண்டு. லோக்கலில் போகிறவர்களுக்குத் தெரியும், அது கேள்வி இல்லை, வழி விடு என்று அர்த்தம். பதில் வராவிட்டால் அடுத்து முதுகில் ஒரு தட்டு, அதற்கும் அசையாவிட்டால் முழங்கை. மாம்பலத்தில் அந்த முழங்கைதான் என் வலது காதிலிருந்த குட்டியைத் தட்டிவிட்டது. அது தரையில் ஒரு குதி குதித்து, வண்டிக்கும் நடைமேடைக்கும் நடுவே இருக்கிற சந்தில் நேராக உள்ளே போனது. ஒற்றைக் காதுக்கு மட்டும் விலை கேட்டேன். “புது செட்டே எடுத்துக்கங்க சார், பெருசா வித்தியாசம் இல்ல” என்றார் கடைக்காரர். விலையைப் பார்த்தால் அவர் சொன்னது பொய்யும் இல்லை.

அந்தப் புது செட்டும் இப்போது கிழடு தட்டிவிட்டது. அதற்குள் இருக்கிற பேட்டரி பட்டாணி அளவு. அதை மாற்றவும் முடியாது. போன் பேச நான் இடது காதை மட்டும் போடுவேன் என்பதால் இடது முதலில் சோர்ந்தது. காலையில் சார்ஜ் போட்டுக் கிளம்பினாலும் திரும்பி வருகையில் கிண்டி தாண்டுவதற்குள் டொய்ங் என்று ஒரு சத்தம் போட்டுப் படுத்துக்கொள்கிறது. மே மாதத்தில் சிலிக்கான் மூடிக்குள் வியர்வை தேங்கி வருகிற அரிப்பைப் பற்றி எந்த விமர்சனத்திலும் நான் பார்த்ததில்லை. ஐபிஎக்ஸ்4 என்று டப்பாவில் போட்டிருப்பது தண்ணீர்த் தெறிப்புக்கு. சென்னை வியர்வையின் உப்பு வேறு கணக்கு.

ஒயருக்கும் பிரச்சினை உண்டு. அடுத்தவர் பையின் ஜிப்பில் மாட்டும், கூட்டத்தில் இழுபடும். புது போன்களில் இயர்போன் செருகும் 3.5 மி.மீ. துளையே இல்லை, 2016-இல் ஐபோன் 7 அதை எடுத்தது, பிறகு ஒவ்வொருவராக எடுத்துவிட்டார்கள். டைப்-சி கன்வர்ட்டர் ஒன்று வாங்கி போனோடேயே விட்டுவிட்டேன். இருந்தும் ஒயரில் வருகிற கோளாறுக்கு முகவரி உண்டு. பத்துக்கு ஒன்பது தடவை போனில் செருகுகிற பின்னுக்குப் பக்கத்தில், மடிகிற இடத்தில்தான் அறுகும். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டில் மேஜை அளவு இடத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் கொடுத்தால் நின்ற இடத்திலேயே முடித்துத் தருவார். உள்ளே இருக்கிற கம்பி தலைமுடி மாதிரி இருக்கும். சிவப்பு, பச்சை, செம்பு நிறம். நிறம் போல் தெரிவது வார்னிஷ் பூச்சு. அந்தப் பூச்சோடு அப்படியே ஈயம் பற்றவைத்தால் ஒட்டாது. அவர் அயர்ன் முனையில் ஒரு சொட்டு ஈயத்தை உருக்கி அதற்குள் கம்பி நுனியை ஆட்டுவார். லேசாகப் புகை வரும், பூச்சு கருகி நுனி வெள்ளி மாதிரி மாறும். பிறகுதான் பின்னில் வைப்பது. கடைசியில் பேனா ஸ்பிரிங் ஒன்றை அந்த மடிப்பில் ஏற்றிவிட்டார். அதற்குப் பிறகு அங்கே அறுகவே இல்லை.

ஒயரை நான் விடாததற்குப் பெரிய காரணம் எஃப்.எம். போனில் ரேடியோ வசதி இருந்தால் அந்த ஒயர்தான் ஆன்டெனா, செருகாவிட்டால் கரகரப்புதான். 101.4 வைத்துக்கொண்டு ஜன்னல் ஓரம் கிடைத்தால் அருமையாகக் கேட்கும். பெட்டி முழுக்க இரும்பு என்பதால் நடுவில் நின்றால் ரேடியோ நிலையம் வந்து வந்து போகும். அடுத்து என்ன வரும் என்று நமக்குத் தெரியாததும், நாம் தேர்ந்தெடுக்க வேண்டிய தொல்லை இல்லாததும் காலை நேரத்துக்கு ரொம்பப் பொருத்தம். அலுவலகம் போன பிறகு நாள் முழுக்க முடிவெடுக்கும் வேலைதானே.

ரேடியோ இல்லாத நேரத்துக்கு என்ன கேட்பது? எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தாயிற்று. பட்டிமன்றம் ரயிலுக்கு ஆகாது. பேச்சாளர் ஜோக்கின் கடைசி வார்த்தைக்கு வரும்போது சரியாக ஹாரன் அடிக்கும், மிச்சம் காதில் விழுவது கைத்தட்டல் மட்டும். ஆலாபனையும் வேண்டாம், மந்திர ஸ்தாயி என்கிற கீழ்ச்சுரங்கள் முழுவதையும் தண்டவாளம் தின்றுவிடும். ஆனால் கச்சேரியில் மிருதங்கம் தனியாக வாசிக்கிற தனி ஆவர்த்தனம் போட்டுப் பாருங்கள். சைதாப்பேட்டைக்கும் கிண்டிக்கும் நடுவில் அடையாற்றுப் பாலத்தில் வண்டி ஏறியதும் சத்தம் கீழே வெற்றிடம் விழுந்தாற்போல் மாறும் இல்லையா, அந்த இடத்தில் மிருதங்கத்துக்கும் பாலத்துக்கும் ஒரு போட்டியே நடக்கும். தொடர்கதை ஆடியோ எல்லாம் ஞாயிற்றுக்கிழமைக் காலிவண்டிக்குத்தான். வீடியோ பார்க்கலாம், ஆனால் என் வயர்லெஸ் செட்டில் வாயசைவு முன்னே போய்க் குரல் பின்னே வரும், பழைய டப்பிங் படம் மாதிரி.

நான் கடைசியில் வந்து நின்ற இடம், ஏற்கெனவே மனப்பாடமான எண்பதுகளின் சினிமாப் பாட்டு. பல்லவி எதிர்வண்டிச் சத்தத்தில் மூழ்கினாலும் மூளையே அந்த அடியை நிரப்பிக்கொள்கிறது, வண்டி கடந்ததும் சரணத்தில் சரியாகப் போய்ச் சேர்ந்துகொள்ளலாம். புதுப் பாட்டில் இது நடக்காது. பாதி கேட்ட புதுப் பாட்டை எனக்குப் பிடிக்கவில்லை என்று தீர்ப்புச் சொன்னதெல்லாம் பெரும்பாலும் பரங்கிமலைக்கும் பழவந்தாங்கலுக்கும் நடுவில் சொன்னதாக இருக்கும்.

சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம்வரை என்பது உலக சுகாதார அமைப்பு பெரியவர்களுக்குச் சொல்லும் கணக்கு; அதற்கு மேல் ஒலி ஏற ஏற அந்த நேரம் மளமளவென்று சுருங்கும். வண்டி இரைகிறதே என்று நாமும் ஏற்றிக்கொண்டே போனால் காது தாங்காது. இந்த ஒரு விஷயத்தில் காதுத் துளையை இறுக்கமாக அடைக்கும் ரப்பர் மூடி உதவுகிறது, குறைந்த ஒலியே போதும். ஒயர் வைத்ததிலும் அந்த மூடி வருகிறது. நான் ஒரு பக்கம் மட்டும் மாட்டி, மறு பக்கத்தைக் காலரில் தொங்க விடுகிறேன். அறிவிப்பும் கேட்கும், முழங்கையும் வராது.

இயர்போனே இல்லாமல் போனில் ரீல்ஸ் போடுகிறவர்களை எதை வைத்தும் அடக்க முடியாது. பத்து விநாடிக்கு ஒரு பாட்டு, ஒரு சிரிப்பு, ஒரு அழுகை. ஒருநாள் பக்கத்தில் இருந்த பெரியவரிடம், பையில் உபரியாகக் கிடந்த ஒயர் செட்டை நீட்டி “ஐயா, இதைப் போட்டுக்கிறீங்களா?” என்றேன். “வேணாம் தம்பி, காது வலிக்கும்” என்றார். யாருடைய காது என்று கேட்கவில்லை. சில நாள் பார்வையில்லாத பாடகர்கள் ஸ்பீக்கரைத் தோளில் மாட்டிக்கொண்டு பாடியபடி வருவார்கள். அப்போது கழற்றிவிடுவேன். அது மரியாதைக்கு மட்டும் இல்லை, சிலர் நிஜமாகவே நன்றாகப் பாடுகிறார்கள்.

வீட்டுப் பெரியப்பா மீட்டர் கேஜ் என்கிற குறுகிய தண்டவாளக் காலத்து சீசன்காரர். இந்தத் தடத்தில் 1931-இலிருந்து மின்சார ரயில் ஓடுகிறது. 2004 வரை அந்தச் சின்ன வண்டிகள் இருந்தன. நியூஸ்பேப்பரை நாலாக மடித்து, நின்றபடி ஒரு கையால் பக்கம் திருப்பும் கலை அவருக்குக் கைவந்தது. என் இரண்டு செட்டையும் காட்டினேன். “இதுல மடிக்க என்ன இருக்கு?” என்று கேட்டார்.

வயர்லெஸ் செட்டைத் தூக்கிப் போடவில்லை. 2025 ஏப்ரலில் கடற்கரை – தாம்பரம் – செங்கல்பட்டுத் தடத்தில் ஏசி லோக்கல் விட்டார்களே, அதில் போட்டுப் பார்த்தேன். கதவு தானாகச் சாத்திக்கொள்கிறது, காற்று இல்லை, ஒரே சீரான ஏசி இரைச்சல். பட்டனை அழுத்தியதும் அந்த இரைச்சல் அப்படியே காணாமல் போனது. கம்பெனிக்காரன் விளம்பரத்தில் காட்டியது முதல் தடவையாகக் காதுக்கு எட்டியது. என்ன, சாதாரண சீசன் அதில் செல்லாது, தொடக்கக் கட்டணமே 35 ரூபாய். சாதா வண்டியில் அது 5 ரூபாய். எஃப்.எம். வேறு அந்தப் பெட்டிக்குள் சுத்தமாக எடுக்கவில்லை.