ஐடியாஸ் தளத்தில் வர்த்தகப் பொருளியல்: வன்னியிலிருந்து ஒரு மதிப்பீடு

சர்வதேச வர்த்தகத்தை ஆராயும் ஒரு பொருளியலாளரின் எழுத்து யார் யாரிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதை அறிய விரும்புவோருக்கு, இலவசமாகக் கிடைக்கும் சேவைகளுள் ஐடியாஸ் என்ற இணையத்தளத்தையே நான் முதலில் பரிந்துரைப்பேன். 1997இல் தொடங்கிய ரீபெக் என்னும் தன்னார்வக் கூட்டுமுயற்சி திரட்டும் தரவுகளைக் கொண்டு இயங்கும் இத்தளத்தை, ஐக்கிய அமெரிக்காவின் சென் லூயிஸ் மத்திய வங்கியின் ஆய்வுப் பிரிவு தாங்கி நடத்துகிறது. 40 இலட்சத்துக்கு மேற்பட்ட கட்டுரைகளின் விவரங்கள் இதில் உள்ளன. வாசிப்பதற்குக் கட்டணமும் இல்லை, பதிவு செய்ய வேண்டிய கட்டாயமும் இல்லை. பக்கங்கள் பெரும்பாலும் எழுத்தாலேயே ஆனவை என்பதால், இணைப்பு மெலிந்து போகும் உட்கிராமங்களிலும் அவை கைத்தொலைபேசியில் சிரமமின்றித் திறக்கின்றன.

தளத்தின் உண்மையான பலம் ஒவ்வொரு கட்டுரைக்கும் உரிய பக்கத்தில் இருக்கிறது. அக்கட்டுரை யாரை மேற்கோள் காட்டியது, பின்னர் யார் அதை மேற்கோள் காட்டினர் என்ற இரண்டு பட்டியல்களும் அங்கே அடுத்தடுத்து வருகின்றன; அவற்றைப் பின்பற்றிச் சென்றால் ஒரு விவாதத்தின் முழு வரலாறும் கிடைத்துவிடும். ஈர்ப்புச் சமன்பாட்டையே எடுத்துக்கொள்ளலாம். இரு நாடுகளின் பொருளாதாரப் பருமன் கூடக் கூட அவற்றிடையேயான வர்த்தகம் கூடும், தூரம் கூடக் கூடக் குறையும் என்று யான் டின்பேர்கன் 1962இல் காட்டினார். பருமனையும் தூரத்தையும் கழித்துப் பார்த்த பின்னரும், கனடிய மாகாணங்கள் அமெரிக்க மாநிலங்களோடு செய்வதைவிடத் தமக்குள் ஏறத்தாழ 22 மடங்கு வர்த்தகம் செய்கின்றன என்று ஜோன் மக்கலம் 1995இல் எழுதினார். அந்த எண் மிகைப்பட்டது, ஏனைய நாடுகளோடுள்ள வர்த்தகத் தடைகளையும் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்று 2003இல் ஜேம்ஸ் அண்டர்சனும் எரிக் வான் வின்கூப்பும் திருத்தினர். மக்கலத்தின் பக்கத்திலிருந்து புறப்படும் ஒரு மாணவர் அரை மணி நேரத்தில் இவர்கள் எல்லோரையும் கடந்து அவர்களுக்குப் பின் வந்தவர்களிடம் போய்விட முடியும். (தொண்ணூறுகளில் போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது மண்ணெண்ணெய்க்கும் சவர்க்காரத்துக்கும் பற்றரிக்கும் வவுனியாவுக்கு வடக்கே என்ன விலை இருந்தது என்பதை நினைவில் வைத்திருக்கும் எங்கள் பெற்றோருக்கு, எல்லையொன்று விலையை என்ன செய்யும் என்பதைச் சமன்பாடு போட்டு விளக்கத் தேவையில்லை.)

சஞ்சிகை பணம் கேட்கும் இடத்தில், அதே கட்டுரையின் முன்வரைவு வேறெங்கே கிடைக்கிறது என்பதையும் தளம் காட்டுகிறது. அமெரிக்கத் தேசிய பொருளாதார ஆய்வுப் பணியகத்தின் முன்வரைவுகள் வளர்முக நாடுகளிலிருந்து வாசிப்போருக்கு இலவசம் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

எண்களிடம் வரும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும். தரவரிசையில் இடம்பெறுவோர் தம்மைத் தாமே பதிந்துகொண்ட ஆசிரியர்கள் மட்டுமே. நாட்டுப் பட்டியல் பணியிடத்தைக் கொண்டு பிரிக்கப்படுவதால், ஒரே பொருளின் பாகங்களைப் பல நாடுகள் பங்கிட்டுச் செய்யும் உலக உற்பத்திப் பகிர்வு பற்றிய ஆய்வுகளால் அறியப்பட்ட இலங்கையரான பிரேமச்சந்திர அத்துக்கோரளவின் உழைப்பு, அவர் அவுஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர் என்பதால் அந்நாட்டின் கணக்கிலேயே சேரும். மேற்கோள்களும் ரீபெக்குக்குள் வரும் கட்டுரைகளிலிருந்தே எண்ணப்படுகின்றன. ஆகவே கூகிளின் ஆய்வுத் தேடல் சேவையான ஸ்கொலர் காட்டும் எண் பெரும்பாலும் பெரிதாக இருக்கும். ஆனால் அங்கே ஆய்வேடும் விரிவுரைக் குறிப்பும் ஒரே தராசில் ஏறுவதால், பெரிய எண்ணைச் சரியான எண் என்று கொள்ளவும் முடியாது. தமிழில் எழுதப்படும் பொருளியல் இரண்டிலும் ஏறத்தாழ இல்லை என்றே சொல்லலாம்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய குறை, மேற்கோள் என்ற அளவுகோலிலேயே இருக்கிறது. 2018இல் விதிக்கப்பட்ட அமெரிக்கத் தீர்வைகளின் சுமை யார் மீது விழுந்தது என்று அல்பேர்ட்டோ கவாலோ, கீதா கோபிநாத், பிரென்ட் நெய்மன், ஜென்னி டாங் ஆகியோர் ஆராய்ந்து 2021இல் வெளியிட்டனர். துறைமுகத்தில் இறக்குமதி விலை தீர்வையின் அளவுக்கு ஏறத்தாழ முழுமையாக உயர்ந்தது என்பதும், கடை விலை அந்த அளவுக்கு உயரவில்லை என்பதும் அவர்களின் முடிவுகள். 2025 ஏப்பிரலில் நாடுகளுக்கான பதில் தீர்வையைக் கணிக்க அமெரிக்க வர்த்தகப் பிரதிநிதி அலுவலகம் வெளியிட்ட சூத்திரம் இந்தக் கட்டுரையைச் சான்று காட்டி, தீர்வையில் விலைக்குக் கடத்தப்படும் பங்கை 0.25 என வைத்தது; சூத்திரத்தில் அந்தப் பங்கால் வகுக்கப்படுவதால், அது சிறிதானால் தீர்வை பெரிதாகும். இறக்குமதி விலைக்கு உரிய எண் 0.95க்கு அருகில் இருந்திருக்க வேண்டும், அப்படி வைத்திருந்தால் தீர்வைகள் நாலில் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கும் என்று நெய்மன் நியூயோர்க் ரைம்ஸில் எழுதினார். இலங்கைக்கு அறிவிக்கப்பட்டது 44 வீதம். நெய்மனின் எண்ணை இட்டுப் பார்த்தால் ஏறத்தாழ 12 வீதமே வரும். பேச்சுவார்த்தைகளின் பின்னர் 2025 ஓகஸ்டில் அது 20 வீதமாகக் குறைந்தது. இலங்கை ஆடை ஏற்றுமதியில் ஏறத்தாழ 40 வீதத்தை வாங்கும் நாடு அமெரிக்கா என்பதால், கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தையல் இயந்திரத்தின் முன் இருக்கும் இளையோரின் வேலை அந்த மாதங்களில் இந்தத் தசம எண்ணோடு பிணைந்து கிடந்தது.

ஆனால் இவ்வளவும் ஐடியாஸின் கணக்கில் ஒரு புள்ளியைக்கூடக் கூட்டாது, ஏனெனில் அரச அலுவலகத்தின் சூத்திரக் குறிப்பு ரீபெக்கில் சேரும் ஆய்வுத் தொடர் அல்ல. ஒருவேளை சேர்ந்திருந்தாலும் நிலைமை மோசமாகவே இருந்திருக்கும்: தவறாகப் பயன்படுத்திய மேற்கோளும் சரியாகப் பயன்படுத்திய மேற்கோளும் அங்கே ஒன்று, ஒன்று என்றே எண்ணப்படும்.

எனவே வாசிக்கவும் தேடவும் இத்தளத்துக்கு முழு மதிப்பெண் கொடுக்கிறேன். ஒருவரின் தாக்கத்தை அளக்கும் கருவியாக அதில் பாதிக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை. உயர்தர வகுப்புக்கோ பல்கலைக்கழகப் பாடத்துக்கோ இதைப் பயன்படுத்த எண்ணுவோர், தரவரிசைப் பக்கத்தை விட்டுவிட்டுக் கொள்கை ஆவணத்திலிருந்து பின்னோக்கி வருவது நல்லது. அந்தச் சூத்திரக் குறிப்பின் இறுதியிலுள்ள பெயர்களை, கவாலோவை மட்டுமன்றி இறக்குமதி நெகிழ்ச்சிக்காக (விலை மாறும்போது இறக்குமதி எவ்வளவு மாறும் என்பதற்காக) சுட்டப்பட்ட புரோடா, வைன்ஸ்டைன் போன்றோரையும், ஐடியாஸில் ஒவ்வொன்றாக இட்டு மூலக் கட்டுரையைத் திறந்து, அதிலுள்ள எண்ணையும் அலுவலகம் எடுத்துக்கொண்ட எண்ணையும் மாணவரைக் கொண்டே பக்கத்தில் பக்கத்தில் எழுதச் சொல்லலாம்.