டிரெய்லரை மாட்டாமல் கியர் ஆயில் லீக் பார்ப்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்

சூளகிரியைத் தாண்டி ஓசூர் நோக்கி ஏறிக்கொண்டிருந்தபோது வண்டிக்கு அடியில் இருந்து புகை வந்தது. பின்னால் டிரெய்லரில் அண்டா, தேக்ஸா, கிரைண்டர், அடுப்புகளோடு 19 கிலோ சிலிண்டர் நான்கு. வண்டிக்குள் ஐந்து பேர். அதற்கு இரண்டு வாரம் முன்புதான் பெங்களூரு ஓசூர் ரோட்டில் ஒரு கேரேஜில் 41,800 ரூபாய் கட்டி, "இனி ஒரு சொட்டு வராது மேடம்" என்ற வாக்கையும் வாங்கிக்கொண்டு வந்திருந்தோம்.

பெங்களூரு அல்சூரில் அப்பா காலத்தில் இருந்து கல்யாணச் சமையல் எடுத்துச் செய்கிறோம். இப்போது நானும் தம்பியும். பாத்திரத்துக்குத் தனியாக மினி லாரி வாடகைக்கு எடுப்பது கட்டுப்படியாகாமல், ஒரு டிரெய்லர் வாங்கிப் பதிவு செய்து, எங்கள் டீசல் ஆட்டோமேட்டிக் பிக்கப்பில் மாட்டி இழுக்கிறோம். வண்டிக்கு ஆறு வயது, வாரண்டி முடிந்துவிட்டது. நம் ஊரில் இப்போது நிறையப் பேர் ஆட்டோமேட்டிக் வண்டியில் டிரெய்லர் இழுக்கிறார்கள். நடமாடும் கடை வைத்திருப்பவர்கள், சவுண்ட் சர்வீஸ்காரர்கள், ஜெனரேட்டர் வாடகைக்கு விடுபவர்கள். அவர்கள் கண்ணில் இது பட வேண்டும்.

தை முகூர்த்தத்தில் கிருஷ்ணகிரியில் ஒரு கல்யாணம். திரும்பி வரும்போது ஓசூரில் டீ குடிக்க நிறுத்தினோம். கிளம்பும்போது தம்பி குனிந்து பார்த்துவிட்டு, "அக்கா, அடியில சிவப்பா சொட்டியிருக்கு" என்றான். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஊற்றும் ஏ.டி.எஃப். எண்ணெய்க்குச் சிவப்புச் சாயம் சேர்த்திருப்பார்கள், என்ஜின் ஆயிலோடு குழம்பிவிடக் கூடாது என்பதற்காகவே. அதனால் எது ஒழுகுகிறது என்பதில் சந்தேகமில்லை. எங்கிருந்து என்பதுதான் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து இரவு முழுக்க அட்டை விரித்து வைத்தோம். காலையில் அட்டை சுத்தமாக இருந்தது. இரண்டு நாள் டிரெய்லர் இல்லாமல் ஊருக்குள் ஓட்டினோம், அப்போதும் ஒன்றுமில்லை. அடுத்த வாரம் டிரெய்லரோடு போய் வந்தோம், மறுபடியும் சிவப்பு.

இதையெல்லாம் அந்த கேரேஜில் தெளிவாகச் சொன்னேன். டிரெய்லர் மாட்டினால் மட்டும்தான் வருகிறது, மேடு ஏறினால் மட்டும்தான் வருகிறது என்று இரண்டு தடவை சொன்னேன். அவர்கள் வண்டியை ஒரு ராத்திரி நிறுத்தி வைத்துப் பார்த்து, "லீக்கே இல்லையே" என்றார்கள். டிரெய்லரைக் கொண்டு வரட்டுமா என்று கேட்டதற்கு, "அதெல்லாம் தேவையில்ல மேடம், எங்க அனுபவத்துல தெரியும், ஃப்ரண்ட் சீல் போயிருக்கு" என்றார் மேனேஜர். கியர்பாக்ஸின் முன்பக்கம், என்ஜினோடு சேரும் இடத்தில், எண்ணெய் வெளியே வராமல் அடைக்கும் வளையம்தான் அது. கியர்பாக்ஸை இறக்க வேண்டுமாம், மூன்று நாளாகுமாம்.

பில்லை அப்படியே தருகிறேன். கியர்பாக்ஸ் இறக்கி ஏற்றக் கூலி 18,000. சீல் 3,400. டார்க் கன்வர்ட்டர் (என்ஜின் சுழற்சியை எண்ணெய் வழியாக கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) சர்வீஸ் 6,600. ஏ.டி.எஃப். 12 லிட்டர், லிட்டர் 1,150 வீதம் 13,800. பழைய சீல் என்று ஒன்றை பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. பழைய பாகத்தைத் திருப்பித் தருகிறவர்கள் ஏமாற்ற மாட்டார்கள் என்று நினைத்தேன்.

மாசியில் மறுபடியும் கிருஷ்ணகிரி. போகும்போது இறக்கம் என்பதால் ஒன்றும் தெரியவில்லை. கிருஷ்ணகிரியில் இருந்து ஓசூர் சுமார் 50 கிலோமீட்டர், அதற்குள் ஏறக்குறைய 400 மீட்டர் உயரம் ஏற வேண்டும். காரில் போகிறவர்களுக்கு அது மேடு என்றே தோன்றாது, பாரம் இழுக்கிற வண்டிக்குத் தெரியும். சூளகிரி தாண்டி லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஏறும்போது முதலில் கருகிய வாடை வந்தது, பிறகு புகை. தம்பி ஓரம் கட்டிச் சாவியைத் திருப்பினான். நான் முதலில் சிலிண்டர்களைத்தான் இறக்கச் சொன்னேன். சமையல் மாஸ்டருக்கு அறுபது வயது. அவரும் இரண்டு பையன்களும் அந்த வெயிலில் சிலிண்டர்களை ரோட்டோரப் பள்ளத்தைத் தாண்டித் தூக்கிக்கொண்டு போனார்கள். தம்பி தீயணைப்பானைப் பிடித்துக்கொண்டு நின்றான். தீ பிடிக்கவில்லை. கியர்பாக்ஸ் எண்ணெய் சைலன்சர் குழாய் மேல் வழிந்து கொதித்துக்கொண்டிருந்தது. அந்தக் குழாய் இன்னும் கொஞ்சம் சூடேறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து நினைத்தே எனக்குப் பல ராத்திரி தூக்கம் வரவில்லை.

வண்டியை டோ வண்டியில் ஏற்றி அதே கேரேஜுக்குக் கொண்டுபோக 9,500 ரூபாய். அங்கே குரலே மாறிவிட்டது. "ஓவர்லோட் பண்ணி கியர்பாக்ஸ எரிச்சுட்டீங்க. ஃபுல் ஓவர்ஹால், 1,70,000 ஆகும்." இரண்டு வாரத்துக்கு முன் போட்ட சீலுக்கு கேரண்டி என்ன ஆயிற்று என்று கேட்டால், ஓவர்லோடுக்கு கேரண்டி கிடையாதாம். கிளம்பிய அன்று எடை மேடையில் நிறுத்திய சீட்டு தம்பியிடம் இருந்தது. டிரெய்லர் பாரத்தோடு 1,480 கிலோ, வண்டியின் கையேடு அனுமதிக்கும் எடைக்கு உள்ளேதான். அதை நீட்டினோம். வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

வண்டியை அங்கிருந்து எடுக்கச் சொன்னது எங்களுக்கு ஜெனரேட்டர் தரும் அண்ணன். லிங்கராஜபுரத்தில் ஒரு பெரியவரிடம் அனுப்பினார். போர்டுகூட இல்லாத ஷெட். எல்லோரும் அவரை பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

பாய் வண்டியை ரேம்ப்பில் ஏற்றினார். டார்ச் அடித்துக் கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார். பிறகு என்னையும் கீழே வரச் சொன்னார். "இங்க பாரும்மா. என்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்க்கிற போல்ட்டு இது. கம்பெனியில முறுக்குனப்ப வச்ச பெயின்ட் கோடு அப்படியே இருக்கு. சுத்தி மண்ணு காஞ்சு போயிருக்கு. இதைக் கழட்டாம கியர்பாக்ஸ இறக்கவே முடியாது."

அந்தப் போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. 18,000 ரூபாய் கூலி, 6,600 ரூபாய் கன்வர்ட்டர் சர்வீஸ், 3,400 ரூபாய் சீல், எதுவுமே நடக்கவில்லை. கவரில் கொடுத்த பழைய சீலை ஜே.சி. ரோட்டில் உதிரிபாகக் கடையில் காட்டினோம். எங்கள் வண்டியின் ஃப்ரண்ட் சீலோடு அளவே ஒத்துப்போகவில்லை, ஏதோ வேறு வண்டியின் ஆக்சில் சீலாக இருக்கும் என்றார்கள்.

அவர்கள் உண்மையில் செய்தது ஒன்றே ஒன்று, எண்ணெய் ஊற்றியது. அதையும் தப்பாகச் செய்திருந்தார்கள். எங்கள் கியர்பாக்ஸில் அளவுக்குச்சி கிடையாது. என்ஜினை ஓட விட்டு, எண்ணெய் கிட்டத்தட்ட 40 டிகிரி சூட்டுக்கு வந்ததும் பக்கத்தில் உள்ள பிளக்கைத் திறந்தால், மெல்லிய நூலாக வழிந்து நிற்க வேண்டும். அதுதான் சரியான அளவு. பாய் அப்படித் திறந்தபோது நூலாக வரவில்லை, கொட்டியது. வழியெல்லாம் சிந்தியது போக, இன்னும் ஒன்றரை லிட்டர் அதிகமாக இருந்தது. கையேட்டின்படி கியர்பாக்ஸ், கன்வர்ட்டர் எல்லாம் சேர்த்தே 10 லிட்டர்கூடப் பிடிக்காது, பில்லில் 12 லிட்டர். அதிகமான எண்ணெயைச் சுழலும் பாகங்கள் கடைந்து நுரையாக்கிவிடும். சூட்டில் அது விரிந்து, கியர்பாக்ஸ் மூச்சுவிடுகிற பிரீதர் குழாய் வழியாகப் பொங்கி வெளியே வரும். சூளகிரியில் எங்களைப் பயமுறுத்திய புகை அப்படி வந்ததுதான், அவர்கள் ஊற்றிய எண்ணெய்தான்.

அப்படியானால் தை மாதம் சொட்டியது எங்கிருந்து? இங்கேதான் பாய் மேல் எனக்கு மரியாதை கூடியது. "அளவு சரியாயிடுச்சு, எடுத்துட்டுப் போங்க" என்று அவர் விட்டுவிடவில்லை. அடிப்பாகம் முழுக்கக் கழுவித் துடைத்தார். எண்ணெயை ஆற்றும் கூலருக்குப் போகும் குழாய்கள், இணைப்புகள், பெல் ஹவுசிங் (கியர்பாக்ஸ் என்ஜினோடு சேரும் இடத்துக் கூடு) அடி எல்லாவற்றிலும் முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரைத் தூவினார். "போய் டிரெய்லர மாட்டிட்டு வா தம்பி. பாத்திரத்தையும் ஏத்திக்கோ, சிலிண்டர் மட்டும் வேணாம்." அவரே கூட வந்தார். சூளகிரி வரை இறங்கி, திரும்பி ஏறினோம். கையில் சின்ன ஸ்கேனர் கருவி, அதில் கியர்பாக்ஸ் எண்ணெயின் சூடு ஓடிக்கொண்டிருந்தது. சமதரையில் 88, 90 என்று இருந்தது, மேட்டில் லாரிக்குப் பின்னால் ஊர ஆரம்பித்ததும் 118 டிகிரி வரை போனது.

ஓரம் கட்டிப் பார்த்தோம். ரேடியேட்டருக்குப் போகும் கூலர் ஹோஸில், ரப்பரையும் இரும்புக் குழாயையும் சேர்த்து அழுத்தியிருக்கும் வளையத்தில், வெள்ளைப் பவுடர் மேல் சிவப்பாக ஒரு கோடு. அங்கே கசிந்ததைக் காற்று பின்னால் தள்ளிக்கொண்டுபோய் பெல் ஹவுசிங் அடியில் சொட்ட வைத்திருக்கிறது. சொட்டுகிற இடத்தை மட்டும் பார்க்கிறவனுக்கு ஃப்ரண்ட் சீல் என்றுதான் தோன்றும். அந்த கேரேஜ்காரர்களுக்கு அப்படித் தோன்றியிருந்தாலாவது மன்னிக்கலாம், அவர்கள் கழற்றாததைக் கழற்றியதாக எழுதினார்கள்.

பாரம் இழுக்கும்போது மட்டும் ஏன் ஒழுகுகிறது என்று பாயிடம் கேட்டேன். என்ஜின் சுழல்கிற அளவுக்குச் சக்கரம் சுழலாமல் பாரம் பிடித்து இழுக்கும்போது, நடுவில் இருக்கிற கன்வர்ட்டர் எண்ணெயைத்தான் அரைக்கிறது, அந்த உழைப்பெல்லாம் சூடாகிறது என்றார். எண்ணெய் நீர்த்துப்போகிறது, அழுத்தம் கூடுகிறது, ஆறு வருஷம் வெந்து இறுகிப்போன ரப்பர் அந்த நேரத்தில் மட்டும் வாய் திறக்கிறது. ஆறியதும் மூடிக்கொள்கிறது. காலி வண்டியை நிழலில் நிறுத்தி வைத்துப் பார்த்தால் பத்து நாள் ஆனாலும் ஒரு சொட்டு விழாது.

1,70,000 ஓவர்ஹால் தேவையா என்பதையும் கண்ணால் பார்க்க வைத்தார். கியர்பாக்ஸின் அடித்தட்டைக் கழற்றினார். அதற்குள் காந்தம் ஒட்டியிருக்கும். அதில் சாம்பல் நிறத்தில் மைபோலக் கொஞ்சம் படிந்திருந்தது. அது எல்லா வண்டியிலும் இருப்பதுதானாம். இரும்புச் சில்லோ பித்தளைத் துகளோ கிடந்தால்தான் பயப்பட வேண்டும், அப்படி எதுவுமில்லை. எண்ணெய் பழுப்பாகி லேசாகக் கருகிய வாடை அடித்தது, அதனால் மாற்றினோம். கையேட்டில் எந்த ரகம் எழுதியிருக்கிறதோ அதையே என்னை வாங்கி வரச் சொன்னார். "எல்லா வண்டிக்கும் ஒரே ஆயில்னு விக்கிறதை வாங்கிடாதம்மா. லீக் நிறுத்துற மருந்துன்னு டப்பாவுல வர்றதையும் ஊத்தாத. ரப்பர உப்ப வச்சு நாலு நாள் ஏமாத்தும்."

இரண்டு ஹோஸ், எண்ணெய், தனியாக முன்பக்கம் பொருத்திய ஒரு கூடுதல் ஆயில் கூலர், கூலி எல்லாம் சேர்த்து 31,200 ரூபாய். எங்கள் பக்கத்துத் தவறையும் சொன்னார். மேட்டில் டி-யில் போட்டு அதன் போக்குக்கு விடாமல், மேனுவல் மோடில் கீழ் கியரைப் பிடித்து ஏறச் சொன்னார். பெங்களூரு சில்க் போர்டு ஜங்ஷன் மாதிரி நெரிசலில் ஆக்சிலரேட்டரை மிதித்தபடி அங்குலம் அங்குலமாக நகரக் கூடாது, முன்னால் கொஞ்சம் இடம் விழட்டும் என்று காத்திருந்து நகர வேண்டும். மேடு ஏறி முடித்ததும் உடனே அணைக்காமல், நியூட்ரலில் போட்டு ஹேண்ட்பிரேக் இழுத்துச் சில நிமிஷம் ஓட விட்டால் எண்ணெய் கூலர் வழியாகச் சுற்றி ஆறும். தம்பி இப்போது இதையெல்லாம் விடாமல் செய்கிறான். அதே மேட்டில் சூடு 100-ஐத் தாண்டுவதில்லை.

பணத்தைக் கேட்டு அந்த கேரேஜுக்குத் திரும்பப் போனோம். போல்ட்டுகளின் படங்களைக் காட்டியதும் மேனேஜர் முதலில் கோபப்பட்டார். பிறகு உள்ளே கூப்பிட்டு, 10,000 ரொக்கமாகத் தருகிறேன், எந்தப் புகாரும் இல்லை என்று கையெழுத்துப் போடுங்கள் என்றார். நான் போடவில்லை. வேலை செய்திருந்தால் ஏன் தர வேண்டும்? 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

கியர்பாக்ஸ் இறக்க வேண்டும் என்று உங்களிடமும் யாராவது சொன்னால், வண்டியைக் கொடுப்பதற்கு முன் அந்த பெல் ஹவுசிங் போல்ட்டுகளைப் போனில் படம் எடுத்து வையுங்கள், திரும்ப வாங்கும்போது இன்னொரு தடவை எடுங்கள். என்னிடம் இருப்பது பின்னால் எடுத்த படங்கள் மட்டும்தான். பெயின்ட் கோடு கலையாமல் இருந்ததால் தப்பித்தேன். ஒழுகுவது பாரத்தில்தான் என்றால், டிரெய்லரை மாட்டி உங்களோடு ஒரு மேடு ஏற அந்த மெக்கானிக் தயாரா என்று முதலிலேயே கேளுங்கள். வர மாட்டேன் என்றால் சாவியைக் கொடுக்காதீர்கள். ஓசூர் ரோட்டில் வேறு யாருக்காவது இப்படி 'ஃப்ரண்ட் சீல்' என்று பில் போட்டிருந்தால் பில்லை எடுத்துக்கொண்டு என்னிடம் பேசுங்கள், மனுவில் சேர்ந்தே போகலாம். சமையல் மாஸ்டர் சாட்சி சொல்ல வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.